விடையைச் சொல்லக் கூடாது

வட்ட மேசைக்குத் தலைப்பக்கம் கிடையாது என்பார்கள். அதில் உட்கார்ந்து பார்க்காதவர்கள் சொல்கிற பேச்சு அது. வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் எந்த நாற்காலி இருக்கிறதோ, மார்க்கர் யார் கையில் இருக்கிறதோ, அதுதான் தலைப்பக்கம். இரண்டு வருடமாக அந்த நாற்காலி என்னுடையது. ஐயா, நடந்ததை வரிசையாக எழுதித் தரச் சொன்னீர்கள். அங்கிருந்து தொடங்கினால்தான் வரிசை சரியாக வரும்.

எங்கள் பொறியியல் கல்லூரியில் மாணவர்களே மாணவர்களுக்கு நடத்தும் சிறுகுழுப் படிப்பு உண்டு. வாரத்தில் இரண்டு மாலை, குழுவுக்கு ஆறு பேர். மேல் வகுப்பு மாணவன் ஒருவன் தலைவன். பேராசிரியர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தலைவனுக்கு மூன்று நாள் பயிற்சியும் ஒரு கையேடும் தருவார்கள். கையேட்டின் முதல் விதி, விடையைச் சொல்லக் கூடாது என்பது. யார் எதைக் கேட்டாலும், "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். விடையை அவனவனே கண்டடைய வேண்டும்.

எனக்கு அந்த விதி முதல் நாளே பிடித்துப்போயிற்று. மற்ற தலைவர்கள் பத்து நிமிடத்தில் மனம் இளகி விடையை உளறிவிடுவார்கள். நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. "சாப்பிட்டியான்னு கேட்டாக்கூட இவன் நேரா பதில் சொல்ல மாட்டான்" என்று என் அக்கா கேலி செய்வாள். சில கணக்குகளுக்கு எனக்கே விடை தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். விதி அதையும் சேர்த்து மூடிக் காப்பாற்றியது.

குழுவில் ஒருவனுக்கு டவுட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் வருடம் இரண்டு பாடத்தில் கோட்டை விட்டு வந்தவன். ஒரு மாலையில் முப்பது கேள்வி கேட்பான். நானும் முப்பதையும் அவனிடமே திருப்பிக் கொடுப்பேன். அவன்மேல் எனக்குப் பிரியம் இருந்தது. அவன் கேட்கக் கேட்க, நான் தேவைப்படுகிறேன் என்று தோன்றும்.

திடீரென்று ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டான். பிறகு மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தான். கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி நான்கு மாதமாக, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் புரியாமல் திணறிக்கொண்டிருந்தாள். "அது மொட்டமாடித் தண்ணித் தொட்டி மாதிரி. மோட்டார நிறுத்தினாலும் தொட்டியில தண்ணி இருக்குமில்ல? கொழாயத் திறந்து விட்டாத்தான் காலியாகும்" என்றான். அவள், "அட, இவ்வளவுதானா" என்றாள். என் முன்னால் இருந்த மார்க்கரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். மறுவாரம் எல்லா நாற்காலிகளும் அவன் பக்கம் ஒரு சாண் திரும்பியிருந்தன.

அந்தப் பருவத்தில் ஆறு பேரும் தேறினார்கள். பொறுப்பாளர் மேடம் என்னைக் கூப்பிட்டு, "தலைவனே தேவைப்படாத குழுதான் நல்ல குழு. அடுத்த வருஷம் அவனையே போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். என்னைப் பாராட்டுவதாகத்தான் அவர் நினைத்தார். நானும் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன்.

இதைப் பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். விதியை மீறுகிறானே என்ற வருத்தம்தான். விடையை ஊட்டிவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு யோசிக்கும் பழக்கம் எப்படி வரும்?

அடுத்த பருவத்தின் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் குழுவை ஆய்வகத்தில் நடத்தினேன். மேசைமேல் பெரிய கெப்பாசிட்டர் பெட்டி. மின்சாரத்தை நிறுத்தினாலும் அதற்குள் உயிரை வாங்கும் அளவுக்குத் தேங்கி நிற்கும். உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடும். ஐந்து நிமிடம் காத்திருக்கவும் என்று மூடியில் எழுதியிருக்கும். அதற்கு மேலும் ஒரு பாதுகாப்பு உண்டு. சுவரில் கொக்கியில் தொங்கும் செம்புக் கோலால் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

டவுட்டு ஒயரை மாற்ற எழுந்தான். சுவிட்சை அணைத்தான். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் நின்றான். கொக்கியைப் பார்த்தான், கோல் இல்லை. "அண்ணா, ராடக் காணோமே. தொடலாமா?" என்றான். பல மாதம் கழித்து அவன் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது.

"நீ என்ன நினைக்கிற?" என்றேன்.

பலகையில் கணக்குப் போட்டான். ஐந்து நிமிடத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்று காட்டினான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

அவன் விழுந்ததும் முதலில் ஓடியது நான்தான். நெஞ்சை அழுத்தி மூச்சு வரவழைத்ததும் நான்தான். உயிர் தங்கியது. வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள், மார்க்கர் பிடிக்கிற விரல்களை. அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவன்கூட இப்படி ஓடி வந்திருக்க மாட்டான் தம்பி" என்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயே திறக்கவில்லை. கல்லூரியில் யாருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. பதினோரு நாள் தவறாமல் மருத்துவமனைக்குப் போனேன். பதினோராம் நாள் அவன் தலையணையில் சாய்ந்தபடி, "அண்ணா, என் கணக்குல எங்க தப்பு?" என்று கேட்டான்.

"நீ என்ன நினைக்கிற?" என்றேன். பழக்கம் விடவில்லை.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். "கணக்குல தப்பில்ல. அப்போ உள்ள ரெசிஸ்டர் போயிருக்கணும். போயிருந்தா லேப்காரர் சொல்லாம இருக்க மாட்டார். ராடு தானா எறங்கிப் போகாது. அன்னைக்கு லேப் சாவி ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு." பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

எல்லாம் சரி. ரெசிஸ்டர் போய்விட்டதை ஆய்வக ஊழியர் முந்தின நாளே என்னிடம் சொல்லி, எச்சரிக்கை எழுதி ஒட்டச் சொல்லியிருந்தார். எழுதினேன், ஒட்டவில்லை. அந்தத் தாளில் சுற்றிவைத்த செம்புக் கோல் இன்னும் என் பையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். ஒயரை மாற்ற அவன்தான் எழுவான் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா. இரண்டு வருடத்தில் என் குழுவில் ஒருவன், யாருடைய உதவியும் இல்லாமல், முழு விடையையும் தானே கண்டடைந்தது அன்றுதான். அப்போதும் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை.