பிரிம்கூம் சரிவில் ஆட்டுத்தடத்துக்கு ஒரு நினைவுக்கல்

போதும். பதினோரு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. இனி முடியாது.

மேடையில் வீற்றிருக்கும் பாதிரியார் அவர்களே, வரலாற்றுக் கழகப் பெருமக்களே, ஈரக் கோட்டுகளோடு நாற்காலி தேடி நிற்கும் பிரிம்கூம் ஊராரே! இன்று பேசுவோர் பட்டியலில் என் பெயர் இல்லை. ஆகவே என் இரங்கல் உரையை எழுதித் தருகிறேன்.

நம் கழகத் தலைவர் கர்னல் ஆர்ச்சர் வெல்பி மறைந்துவிட்டார். எக்ஸ்மூர் குன்றுகளின் பழைய புல்வெளிப் பாசனத்தை உலகுக்குக் காட்டியவர் என்று இன்று எத்தனை முறை சொல்வீர்கள்? காட்டினாரா? எதைக் காட்டினார்?

ஹெஸ்டர் டட்பால் அம்மாவின் பண்ணைக்கு மேலே உள்ள சரிவை அறியாதவர் உண்டா? ஊற்றுநீரைச் சரிவின் குறுக்கே, ஏறத்தாழ மட்டமான வாய்க்கால்களில் நடத்தினார்கள் நம் முன்னோர். விளிம்பு நெடுக வழிந்து புல்மீது மெல்லிய போர்வையாக இறங்கும் தண்ணீர். அதில் உறைபனி பிடிக்காது. மற்ற பண்ணைகளில் வைக்கோல் தீர்ந்து குட்டிபோட்ட ஆடுகள் கத்தும் மார்ச் தொடக்கத்தில், இங்கே பசும்புல் நிற்கும். நான்கு விரற்கடை தவறினாலும் கெட்டுப்போகும் அந்த வேலையை, நூல்குண்டு தொங்கும் மரச்சட்டம் ஒன்றை வைத்தே செய்தார்கள். ஏழு கோடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை அளந்து வரைந்தவன் நான்.

அந்த வாய்க்கால்களுக்கென்று கர்னல் நினைவுக்கல் நட்டது, எட்டாவது கோடு என்று அவர் அழைத்த இடத்தில். அது ஆட்டுத்தடம்!

ஆம், ஆட்டுத்தடம். திறப்பு விழாவிலேயே ஹெஸ்டர் அம்மா உரக்கச் சொன்னார்: "கர்னல் ஐயா, அதுல தண்ணி ஓடுனதே இல்ல. எங்க மாமனார் காலத்துலேருந்து கெடாதான் ஓடுது!" கூட்டம் சிரித்தது. கர்னலும் சிரித்தார். கல் நின்றது.

மறுவாரம் அவர் கண்முன்னே ஒரு வாளித் தண்ணீரை அந்தத் தடத்தில் ஊற்றினேன். பத்தடி ஓடிப் பாறையடியில் குட்டையாகத் தேங்கியது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்யா. உன் தண்ணிக்குத்தான் வழி தெரியல."

என் வரைபடம் அவர் பெயரில் புத்தகமாக வந்தது. ஏழு எட்டாகியிருந்தது. தட்டிக் கேட்டதற்குச் செயலாளர் பதவி போயிற்று. முசுடு என்ற பட்டம் மிஞ்சியது.

ஒன்றை மறுக்க மாட்டேன். ஹெஸ்டர் அம்மாவிடம் சரிவை முன்பு குத்தகைக்கு எடுத்திருந்தவர் மக்காச்சோளம் போடுவதற்காக அதை உழ வந்தபோது, டிராக்டரின் முன்னால் கைத்தடியோடு நின்றவர் கர்னல்தான். நான் அப்போது வீட்டில் உட்கார்ந்து கண்டனக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் நிற்காவிட்டால் எனக்கு அளக்க ஒன்றும் இருந்திருக்காது. அந்த மனிதர்தான் கல்லையும் நட்டார் என்பது என்னை இன்னும் எரிக்கிறது.

கர்னலின் நினைவாக எட்டாவது கோட்டை "மீட்டெடுக்க" வரும் சனிக்கிழமை கழகத்தின் சார்பில் மண் தோண்டும் இயந்திரம் வருகிறதாம். ஆடு மட்டம் பார்த்தா நடக்கும்? மேடும் பள்ளமுமாக, மேலிருந்து கீழே கோணலாக இறங்கும் அந்தத் தடம் உண்மையான வாய்க்கால்கள் நான்கைக் குறுக்கே கடக்கிறது. இருநூறு ஆண்டு பிழைத்த கோடுகள் ஒரே காலையில் அறுந்துபோகும்!

ஏன் சம்மதித்தீர்கள் என்று ஹெஸ்டர் அம்மாவைக் கேட்டேன்.

"செத்தவர் பேரச் சொல்லிக் கேக்கறாங்க. மாட்டேன்னு சொன்னா நான் மனுஷியா?"

"அப்ப நானே போய்ச் சொல்லிப் பாக்கறேன்."

"நீயா? வேணாம்டா சாமி. நீ தோண்டாதேன்னு சொன்னா, சனிக்கிழம வரைக்கும்கூட பொறுக்க மாட்டாங்க, நாளைக்கே தோண்டிடுவாங்க!"

கூட்டத்தின் முடிவில் எழுந்து நின்று, அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுக்கப்போகிறீர்கள். தொடராதீர்கள்! சனிக்கிழமைக்குள் ஒரு மாலை, வெயில் சாயும் நேரத்தில், பண்ணை வாசற்கதவருகே நின்று மேலே பாருங்கள். மட்டமாக நிழல் விழும் கோடுகளை எண்ணுங்கள். பிறகு இயந்திரத்தை வரச்சொல்வதா என்று முடிவு செய்யுங்கள்.

யார் எழுதியது என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் கீழே பெயர் இருந்தால் இது என் வழக்காகிவிடும். சரிவை விட்டுவிட்டு என்மீது வாக்கெடுப்பு நடத்துவீர்கள். புத்தகத்தில் தன் பெயரைத் தேடித் தேடிப் பதினோரு ஆண்டுகளைத் தொலைத்தவனுக்கு இது எளிதல்ல. அந்த வாய்க்கால்களை வெட்டியவர்கள் ஒருவரும் பெயர் பொறிக்கவில்லை. நானும் கையெழுத்திடாமலே கூட்டம் நடக்கும் மன்றத்தின் கதவில் இதை ஒட்டிவிட்டுப் போகிறேன்.