நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மண்டியிட்டவர்கள்

ஹலோ... ஹலோ, பதிப்பாளர் தோன் எவரிஸ்தோவா? நான்தான், ஒப்துலியா. ஹுச்சித்தான்லேருந்து... ஆமா, ஆமா, என் நாவல் வந்துருச்சு. காலைல பஸ்ல வந்த புத்தகக் கட்டை இப்பத்தான் பிரிச்சேன்... எப்படி இருக்கா? அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நாற்பத்தொண்ணாம் பக்கத்தை எடுங்க... எடுங்க ஐயா, காத்திருக்கேன்.

...ம். வானத்துலேருந்து கப்பல் வருது, எங்க ஊர்ச் சந்தைல இறங்குது. சரி, அது நான் எழுதினதுதான். அதுக்கப்புறம்? 'ஊரே மண்டியிட்டது, தெய்வங்களே என்று கதறியது.' இதை எழுதினது யாரு?... நான் இல்லை. நான் எழுதினதுல, இறால் விக்கிற செனோவியா எழுந்து போய், 'எந்த ஊருப்பா நீங்க, சாப்பிட்டீங்களா, தராசை மிதிக்காம தள்ளி நில்லுங்க'ன்னு சொல்லுவா. எங்க போனா அவ?

...மத்ரித் பதிப்பகத்துல கேட்டாங்களா? கேட்டா உடனே மாத்திடுவீங்களா? எனக்கு ஒரு வார்த்தை... இல்லை, இருங்க, நான் பேசி முடிச்சுக்கிறேன். சின்னத் திருத்தம் இல்லை இது. ஐநூறு வருஷமா மெக்சிகோவுல எங்க ஜனங்களைப் பத்தி இதே கதைதான். ஸ்பெயின்லேருந்து கப்பல்ல வந்தவங்களைப் பாத்ததும் சாமின்னு கால்ல விழுந்தோமாம். அது பொய்னு சொல்லத்தானே மூணு வருஷம் உக்காந்து எழுதினேன்? இனிமே வரப்போற கப்பலுக்கும் நாங்களேதான் விழணுமா?

...யாரு? மத்ரித்காரர் உங்க பக்கத்துலயே இருக்காரா? குடுங்க.

...வணக்கம்... ஆமா... ம்... ஐயா, ஒரு நிமிஷம். ஏன் இவ்வளவு மெதுவா பேசுறீங்க? ஸ்பானிய மொழி எனக்கு நல்லாவே வரும். இருபது வருஷமா பள்ளிக்கூடத்துல அதைத்தான் சொல்லிக்குடுக்கிறேன்... வாசகர் நம்பமாட்டாங்களா? எதை? பறக்குற கப்பலை நம்புவாங்க, அதுலேருந்து இறங்குற மூணு கண்ணுக்காரங்களை நம்புவாங்க, ஒரு இறால்காரி பயப்படாம பேசினா மட்டும் நம்பமாட்டாங்களா?... இல்லை, கோபம் இல்லை... சரி, கோபம்தான்.

...வரலாறு அப்படித்தான்னு எழுதி வெச்சது யாரு? வந்தவங்கதானே? செனோவியாகிட்ட யாராவது கேட்டாங்களா?... ம்... ம். வேணாம், போனை அவர்கிட்டயே குடுங்க.

தோன் எவரிஸ்தோ... ஒப்பந்தம் இருக்கு, தெரியும். கையெழுத்துப் போட்டது நான்தான். திருத்துற உரிமை உங்களுக்கு, சரி. எதைத் திருத்த? நாலாவது விதியை வாசிங்க. சத்தமா... 'ஸ்பானிய மொழிப் பிரதி.' ஆமா. அது மட்டும்தான். நான் முதல்ல எழுதினது ஸபோடெக்ல, எங்க மொழில. யாரு படிப்பான்னு சொல்லி நீங்கதான் திருப்பி அனுப்பினீங்க. அந்தக் கையெழுத்துப் பிரதி இப்ப என் மடியிலதான் இருக்கு.

...மிரட்டலையே. நாளைக்கு உங்க வெளியீட்டு விழாவுக்கு நான் வரல, அவ்வளவுதான். அதே அஞ்சு மணிக்கு இங்க சந்தைல என் கதையை எங்க மொழிலயே வாசிக்கப் போறேன். மீன்காரங்க, பூக்காரங்க எல்லாம் சீக்கிரம் கடை கட்டுறேன்னு சொல்லிட்டாங்க... பத்திரிகைக்காரங்க வந்தா என்ன சொல்றதா? நாற்பத்தொண்ணாம் பக்கத்தை எழுதினவரை மேடையேத்துங்க.

...இல்லைங்க ஐயா. நான் அனுமதி கேக்கல, தகவல் சொன்னேன். வெக்கிறேன்.