கட்டைவிரல் போட்டால் முடிந்தது

காலையில் போனை எடுத்தாலே எனக்கு அலுப்பாக இருக்கும் ஐயா. கண்ணைக் கசக்குவதற்குள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் செய்தி குவிந்து கிடக்கும். டீம் லீடர் என்று பெயர்தான் பெரிது. நாள் முழுக்கப் பஞ்சாயத்து பண்ணுவதுதான் வேலை.

நாங்கள் எழுதியது ஆஸ்பத்திரி மிஷினுக்கான மென்பொருள். நரம்பில் மருந்து ஏற்றும் மிஷின். மருந்து வேகமாக இறங்கினால் அலாரம் அடிக்க வேண்டும். திட்டம் முழுக்க அந்தக் குழுவில்தான் நடந்தது. ஒருவர் பிழையைச் சொல்வார், சரிசெய்தவர்கள் அந்தச் செய்திக்குக் கீழே கட்டைவிரல் படம் போடுவார்கள். கட்டைவிரல் விழுந்தால் விஷயம் முடிந்தது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்தான்.

மென்பொருளைச் சோதித்துப் பிழை பிடிக்கிற டெஸ்டர் அக்காவுக்கு ஓயாத வாய். மிஷினை நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் அலாரம் ஊமையாகிவிடுகிறது என்று பிடித்துக்கொண்டார். அதைச் சரிசெய்வதென்றால், முடித்துவிட்ட வேலையில் பாதியைப் பிரித்துப் போட வேண்டும். பசங்கள் ஏற்கெனவே துவண்டு கிடந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அக்காவை மட்டும் விட்டுவிட்டு எல்லோரையும் வேறொரு குழுவில் சேர்த்தேன்.

“பழைய குரூப்ல அக்கா என்ன போட்டாலும் ஒரு கட்டைவிரல் போட்டுடுங்க. படிச்சு மண்டைய உடைச்சுக்காதீங்க,” என்றேன்.

“சரியாயிடுச்சுன்னு நினைச்சுப்பாங்களே,” என்றான் அலாரம் பகுதியை எழுதியவன்.

“நினைச்சா நிம்மதியா இருப்பாங்கப்பா.”

அலாரம் பற்றிய செய்திக்குக் கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன. அக்கா நன்றி சொன்னார். மறுபடி சோதித்துப் பார்க்கிறேன் என்றவரை வேறு வேலைக்கு அனுப்பினேன். மிஷின் ஆஸ்பத்திரிக்குப் போனது. ஆபீஸில் கொஞ்ச நாள் சத்தமில்லாமல் இருந்தது.

ஒரு மதியம் பழைய குழுவில் அக்கா எழுதினார்: “எங்க அப்பாவுக்கு நம்ம மிஷின்தான் போடப் போறாங்க. வேற மிஷின் வேணுமான்னு டாக்டர் கேக்கறார். அலாரம் சரியாயிடுச்சுல்ல?”

மற்றவர்கள் படிக்காமல் போட்டார்கள், அவர்களை விட்டுவிடுங்கள். நான் படித்தேன். இல்லை என்று எழுதினால் பழைய பஞ்சாயத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அசதியாக இருந்தது. முதல் கட்டைவிரல் என்னுடையது.

மிஷினை நடுவில் ஒருமுறை நிறுத்தி ஓடவிட்டிருக்கிறார்கள். மருந்து மொத்தமாக இறங்கிவிட்டது, அலாரம் அடிக்கவில்லை. அப்பா போய்விட்டார் என்பதையும் அக்கா அந்தக் குழுவில்தான் போட்டார். அதற்கும் வரிசையாகக் கட்டைவிரல் விழுந்தது. பசங்களைக் கண்டித்தேன். இதையாவது படித்திருக்க வேண்டாமா?

அக்கா குழுவை விட்டு வெளியேறிவிட்டார். எனக்கு அதுதான் வருத்தம் ஐயா. கூட வேலை செய்கிற நாலு பேரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.