மிஸ்ஹிர் குடித்த காப்பி

ஏலக்காய் மிகுந்தால் காப்பியின் கசப்பு மறைந்துவிடும். ஆகவே நான் அளவாகவே இடுவேன். வாக்குமூலத்தை இங்கிருந்து தொடங்குவதே முறை, அதிகாரி அவர்களே.

மோசுலுக்குத் தெற்கே, தீவிரவாதிகள் ஆண்ட சிற்றூர் ஒன்றில், பாக்தாதின் ஒற்றனாக மூன்றாண்டு தேன் விற்றேன். அங்கே என் பெயர் அபூ லைத், அதாவது லைத்தின் தந்தை. எனக்குப் பிள்ளை இல்லை. லைத் எங்கள் உளவு அலுவலகம் அருளிய மகன். தீவிரவாதக் குழுவின் தலைவர், அமீர் அபூ ஹஃப்ஸ், என் தொழுகையைப் பிறருக்கு எடுத்துக்காட்டுவார். உண்மையான பக்தர்கள் இடையில் கொட்டாவி விடுவதுண்டு. நான் ஒருநாளும் விட்டதில்லை.

மூன்றாம் குளிர்காலத்தில் அவர்களுடைய ஆயுதக் கிடங்குகள் இரண்டு குண்டுவீச்சில் அழிந்தன. தகவல் என்னுடையது. அமீர் தாடியைத் தடவினார்.

"நம்மள்ல ஒருத்தன் காட்டிக் குடுக்குற நாய். அவனப் புடிச்சுக் குடு அபூ லைத், ஒற்றன் வேட்டைக்கே உன்னைத் தலைவனாக்குறேன்."

மறுநாள் காலையில் மிஸ்ஹிர் வந்தான். குழுவின் வண்டிகளைப் பழுதுபார்ப்பவன். நான் காய்ச்சலில் கிடந்தபோது பதினொரு நாள் பருப்புச் சூப்பு ஊட்டியவன். நான் ஊற்றிய காப்பியைத் தொடாமல் தரையில் வைத்தான். எங்கள் குலங்களில் அதற்கு ஒரே பொருள்: வந்தவருக்குக் கேட்க ஒன்று உண்டு. வீட்டுக்காரர் குடிக்கச் சொல்லிவிட்டால், கேட்டது கொடுக்கப்பட்டதாகும். அதன்பின் மறுப்பவன் மனிதரில் சேரான்.

"என்னப்பா, என் காப்பி அவ்வளவு மோசமா?"

"உன் தேனுக்கு இது எவ்வளவோ தேவலாம்ணே. விளையாடாத."

"குடி மிஸ்ஹிர். என்ன கேட்டாலும் குடுத்தாச்சு."

ஒரே மடக்கில் குடித்தான். அதன் பிறகே வாய் திறந்தான்.

"என் பொண்ணு நுஹாவுக்குப் பதிமூணு வயசுதாண்ணே. அவளத் தன் மெய்க்காவலனுக்குக் கட்டிவைக்கச் சொல்றாரு அமீர். எங்க ரெண்டு பேரையும் ஆத்துக்கு அக்கரையில விட்டுடு. உனக்குப் படகுக்காரனத் தெரியும்ல."

தப்பியோடுகிறவன் ஒற்றன் அல்லன். ஆனால் படகருகே பிடிபடும்போது இருவரும் ஒரே தோற்றத்தில்தான் இருப்பார்கள். படகு வரும் இடத்தையும் நேரத்தையும் மிஸ்ஹிருக்குச் சொன்னேன்; நண்பகலில் அமீருக்கும் சொன்னேன். மிஸ்ஹிரைச் சந்தையில் எல்லோரும் காணக் கொன்றார்கள். நுஹாவை மெய்க்காவலன் கொண்டுபோனான். அமீர் எனக்காக ஓர் ஆட்டை அறுத்தார். ஆபத்திலும் நிலைத்து நின்றமைக்காகப் பாக்தாத் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. இரு தரப்பும் ஒருவனையே விசுவாசி என்று ஒப்புக்கொண்டது அந்தப் போரில் அந்த ஒருமுறைதான்.

ஏன் செய்தாய் என்கிறீர்கள். நாட்டுக்காக. ஒற்றன் பிடிபட்டால் நூறு பேர் மடிவார்கள். மெக்கானிக் மடிந்தால் வண்டிகள் சில நிற்கும்.

உடனே திரும்பிவருமாறு பாக்தாதிலிருந்து எனக்கு வந்த உத்தரவு, மிஸ்ஹிர் காப்பி குடித்த நாளுக்கு எட்டு நாள் முந்தையது என்பதைத் தாங்கள் கோப்பில் கண்டிருப்பீர்கள். படகும் தயாராக இருந்தது; மூவர் தாராளமாக அமரலாம். வழி அடைபட்டதென்று நான்தான் பதில் எழுதினேன். ஒற்றரைப் பிடிக்கும் பதவி காலியாக இருந்தது, ஐயா. அந்த ஊரில் அதற்கு என்னைவிடத் தகுதியானவன் எவன் இருந்தான்?