கோழிக்குஞ்சுக்குப் பருந்து மூக்கு

— அண்ணே, அந்த ஈரச் சட்டையோட தோல் சீட்டுல சாயாதீங்க. கறை பட்டா திரும்ப நான்தான் உக்காந்து பிரிக்கணும்.

— சாயல தங்கச்சி, சாயல. நுனியிலதான் உக்காந்திருக்கேன். நீ கதவச் சாத்து.

— அது சரி, இன்னைக்கு என்ன அதிசயமா என்னைய ஸ்டியரிங் பக்கம் உக்கார வெச்சிட்டீங்க? எப்பவும் மேஸ்திரி அங்க, தையல்காரி இங்கதானே?

— ஒரு மாறுதலுக்குத்தான். கதவச் சாத்துன்னு சொல்றேன்ல? சாத்தினாத்தான் சத்தம் கேக்கும்.

— இந்த மழையில என்னத்தக் கேக்குறது? ஒவ்வொரு வண்டி முடிஞ்சதும் ரெண்டு பேர் உள்ள உக்காந்து, வாய மூடிக்கிட்டு, எங்கயாவது கீச்சுங்குதா, லொடலொடங்குதான்னு காதத் தீட்டிக்கணும்னு சட்டம் போட்டது நீங்க. தகரக் கூரை மேல இவ்வளவு கொட்டும்போது தவளையே கத்தினாலும் கேக்காது. சரி, சாத்திட்டேன். அம்மாடி!

— என்ன?

— மழை எங்கயோ போயிடுச்சு பாருங்க. பக்கத்துத் தெருவுல பெய்யுற மாதிரி இருக்கு.

— கதவுக்குள்ள அவ்வளவு பஞ்சு அடைச்சிருக்கோமே, பின்ன?

— கண்ணாடியும் மூடிக்கிட்டே வருது. பட்டறையே தண்ணிக்குள்ள முழுகிட்ட மாதிரி தெரியுதுண்ணே. அதோ அந்த மூலையில நிக்கிற பெரிய காருங்கள்லாம் பாருங்க, தண்ணிக்கடியில மீனு தூங்குற மாதிரி இல்ல?

— மீனு தூங்குமா?

— தூங்கும். கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கும். மேனேஜர் மீட்டிங்குல தூங்குறாரே, அப்படி.

— சிரிக்க வைக்காத. நான் சிரிக்கிற நெலமையில இல்ல.

— ஏன்? சட்டையெல்லாம் நனைஞ்சு, முழங்கால் வரைக்கும் சேறு. காலையிலேருந்து உங்களக் காணோம்னு பட்டறை முழுக்கத் தேடினாங்க. எங்க போனீங்க?

— சொல்றேன். அதுக்குத்தான் கூப்பிட்டேன். கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன்.

— விடுங்க, விடுங்க. அவசரமில்ல. எனக்கு இப்படியே இருக்கலாம் போல இருக்கு. இந்தத் தோல் வாசனை, இந்தச் சத்தமில்லாத சத்தம்... வண்டி ஓடுற மாதிரி இருக்குண்ணே. கண்ண மூடினா நெசமாவே ஓடுது.

— எங்க ஓடுது?

— தெரியல. ரெண்டு பக்கமும் மரம். ரோட்டுல நம்மளத் தவிர ஆளே இல்ல. மெதுவாப் போறோம்.

— மெதுவாத்தான் போக முடியும். எஞ்சின் அவ்வளவுதான். மூக்குல பருந்த ஒட்டிட்டா மட்டும் பறக்குமா?

— எங்க வீட்டுக்காரர் சொல்வாரே, அதையே சொல்றீங்க.

— நெட்டையன்தான் சொல்வான். மொத மொதல்ல இந்தச் சின்ன வண்டி பட்டறைக்கு வந்த அன்னைக்கு ஞாபகம் இருக்கா? லாரியிலேருந்து வரிசையா எறங்குது. வேற கம்பெனிக்காரன் செஞ்ச வண்டி. ஊருல பாதிப் பேரு காய்கறி வாங்கப் போற வண்டி. அதுல அவன் முத்திரையப் பிடுங்கிட்டு, நம்ம பருந்து முத்திரைய ஒட்டு, துணி சீட்டக் கழட்டிட்டு தோல் சீட்டு மாட்டுன்னு மேனேஜர் சொல்றாரு. பெரிய கார் எஞ்சின் ரூம்லேருந்து நெட்டையன் எட்டிப் பாத்து, "என்னடா இது, கோழிக்குஞ்சுக்குப் பருந்து மூக்கு ஒட்டுற வேலையா?"ன்னான். மேனேஜருக்கு மொகம் செவந்து போச்சு.

— வீட்டுக்கு வந்தும் விடல. "அத்தைக்கு மீசை ஒட்டி சித்தப்பான்னு விக்கப் போறாங்க, நீதான் மீசை தைக்கப் போற"ன்னு ஒரே கேலி.

— மேனேஜரு பாவம், என்ன பண்ணுவாரு? பெரிய கார் கக்குற புகைக்கு கவர்மெண்ட்டு கணக்குக் கேக்குது. கம்பெனி விக்கிற மொத்த வண்டிக்கும் சேத்து சராசரி பாக்குறான். சின்ன வண்டிய நாலு வித்தா பெரிய வண்டி ஒண்ணு தப்பிக்கும். பாவத்துக்குப் பரிகாரம் மாதிரி.

— பரிகாரத்தையும் பணக்காரங்களுக்கு மட்டும்தானே விக்கிறாங்க? வீட்டுல பெரிய கார் இருந்தாத்தான் இந்தச் சின்னதக் குடுப்பாங்களாமே.

— ஆமா. அது கெடக்கட்டும். ஒண்ணு சொல்றேன் கேளு தங்கச்சி. கோவப்படாதன்னு சொல்ல மாட்டேன். படு. நல்லாப் படு. ஆனா முழுசாக் கேட்டுட்டுப் படு.

— சொல்லுங்க.

— உன் வண்டி...

— பெயிண்ட் ஷெட்டுல இருக்கு. பம்பர்ல கீறல்னு புதன்கிழமை குடுத்தேன். நம்பர் பிளேட்ட மட்டும் கழட்டி வெச்சிருக்காங்க. மழை நின்னா காயும்னு சொன்னீங்க. நான் ரெண்டு நாளா பஸ்ல வர்றேன்.

— பெயிண்ட் ஷெட்டுல இல்ல.

— பின்ன?

— நீ உக்காந்திருக்கியே... இதுதான்.

— இதுவா?

— இதேதான். அதே கம்பெனி, அதே வெள்ளை, நம்பர் பிளேட்டும் இல்ல. முத்திரை மாத்த வந்த புது வண்டிங்க வரிசையில நின்னிருக்கு. எப்படி அங்க வந்துச்சுன்னே புரியல, யாரக் கேட்டாலும் நான் இல்ல, நான் இல்லன்னு சத்தியம் பண்றானுங்க. ஃபிட்டருங்க உள்ள தள்ளிட்டு வந்து வேலைய ஆரம்பிச்சிட்டானுங்க. மேஸ்திரின்னு நான் ஒருத்தன் தண்டத்துக்கு நின்னுக்கிட்டிருந்தேன்!

— மீட்டரப் பாக்கலையா யாரும்?

— எப்படிப் பாக்குறது? மொத வேலையா பேட்டரி வயரக் கழட்டுறதுதானே நம்ம வழக்கம். மீட்டர் இருட்டாக் கெடந்துச்சு. உள்ள ஒரு கொடை, ஒரு தண்ணி பாட்டில், ஒரு துண்டு பேப்பர் இருந்திருந்தாக்கூட சந்தேகம் வந்திருக்கும். தொடச்சு வெச்ச மாதிரி இருந்துச்சாம். உன் தலையணைங்ககூட இல்லையே!

— தொவைக்க எடுத்துட்டுப் போனேன்.

— என் கெட்ட நேரத்தப் பாரு. இன்னைக்குக் காலையில வேலையெல்லாம் முடிஞ்சு பேட்டரிய மாட்டினேன். மீட்டர் எரிஞ்சுது. பூஜ்யம் வரணும். எத்தனையோ வருஷம் ஓடின நம்பர் வருது. ரேடியோ வேற தானா பாட ஆரம்பிச்சிடுச்சு. என் கையும் ஓடல, காலும் ஓடல. உன் வண்டியில எப்பவும் ஓடுற அந்தப் பாட்டக் கேட்டதும் தெரிஞ்சு போச்சு இது யாரு வண்டின்னு.

— ம்.

— "ம்"னா என்ன அர்த்தம்?

— கால் எட்டுதுண்ணே.

— என்னது?

— பிரேக்கு, கிளட்ச்சு, எல்லாம் எட்டுது. உக்காந்ததுமே கவனிச்சேன். புது சீட்டுன்னா எட்டும்தானேன்னு நெனச்சேன்.

— இதுக்குத்தான்... இதுக்குத்தான் என் நெஞ்சு வெடிக்குது. வண்டி போனா வேற வண்டி வாங்கலாம். நெட்டையன் செத்துப் போனதுக்கப்புறம் அந்த சீட்ட அதோட தண்டவாளத்துல நீ ஒரு பல்லுகூட நகத்தலன்னு இந்தப் பட்டறைக்கே தெரியும். அவன் நீட்டி உக்காந்த எடத்துல சீட்டு அப்படியே பின்னாடி கெடக்கும். நீ முதுகுக்குப் பின்னால தலையணைய அடுக்கிக்கிட்டு, நுனியில தொங்கிக்கிட்டு, காலத் தூக்கித் தூக்கி ஓட்டுவ. ஒருநாளு வண்டி கழுவுறவன் தெரியாம சீட்டுக்கடியில இருக்கிற அந்த லிவர்ல கை வெச்சதுக்கு நீ போட்ட சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டுச்சு. அப்படிப்பட்ட சீட்ட நானே நட்டுக் கழட்டி, தண்டவாளத்தோட தூக்கி வெளிய போட்டிருக்கேன்.

— நீங்களேவா கழட்டினீங்க?

— நானேதான். இன்னொருத்தன் தலையில போட்டுத் தப்பிச்சுக்கலாம், ஆனா நான்தான். லிவர இழுத்தேன், சரக்குன்னு முன்னாடி வந்துச்சு. நட்டுத் தெரியணும்ல, அதுக்கு. அப்பவே கை கூசியிருக்கணும். கூசல.

— வலிச்சுதா?

— யாருக்கு?

— சீட்டு முன்னாடி வரும்போது. மொரண்டு பண்ணுச்சா, லேசா வந்துச்சா?

— கொஞ்சம் மொரண்டு பண்ணுச்சு. ரொம்ப நாளா அசையாததுல்ல? அப்புறம் வந்துடுச்சு.

— ம். வந்துடுச்சு.

— அழாத தங்கச்சி. நீ அழுதா நான் தாங்க மாட்டேன். இங்க பாரு, எல்லாம் கை மீறிப் போயிடல. காலையிலேருந்து எங்க போனேன்னு கேட்டியே? பழைய சீட்டெல்லாம் நேத்தே லாரியில ஏத்தி அனுப்பிட்டானுங்க. ஊருக்கு வெளிய அந்த இரும்புக் கிடங்கு இருக்கே, அங்க போனேன். மழையில, மலை மாதிரிக் குவிச்சு வெச்சிருக்கான். ஏறினேன். ஒவ்வொண்ணாப் பொரட்டினேன்.

— இந்த வயசுல அந்தக் குவியல்ல ஏறினீங்களா?

— வழுக்கி விழுந்தும் பாத்தேன். கெடைச்சிடுச்சு! அவன் சாயுற பக்கம் கொஞ்சம் அமுங்கி இருக்கும் பாரு, அந்த அடையாளம்தான். தார்ப்பாயில சுத்தி, ஆட்டோவுல போட்டு, கொண்டுவந்து ஸ்டோர்ல வெச்சிருக்கேன். காய வைக்கணும், அவ்வளவுதான்.

— அய்யோ அண்ணே. நீங்க அங்க போய் ஏறுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல.

— ஏற மாட்டேனா? அவன் எனக்கும்தானே சிநேகிதன். சீட்டு இருக்கு. எடம்தான் தொலைஞ்சு போச்சு. தண்டவாளத்துல எந்தப் பல்லுல நின்னுச்சுன்னு மட்டும் நீ சொல்லிடு. இன்னைக்கே இந்தத் தோல் சீட்டக் கழட்டிட்டு, அத மாட்டி, அதே பல்லுல நிறுத்திடுறேன். பருந்தையும் பிடுங்கிடலாம். புது வண்டிக்குப் பணம் கட்டின டாக்டரம்மா திங்கக்கிழமை எடுக்க வருவாங்க. அதுக்குள்ள மேனேஜர்கிட்ட நானே போய், "தப்பு என்னுது"ன்னு சொல்லிடுறேன். வீட்டுக்கு அனுப்பினா போறேன். முப்பது வருஷம் பாத்தாச்சு, போதும். ஆனா மேனேஜருக்கு முன்னாடி உனக்குத் தெரியணும்னு நெனச்சேன்.

— மேனேஜர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க.

— எப்படிச் சொல்லாம இருக்கிறது? முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கவா?

— கொஞ்சம் பேசாம இருங்கண்ணே. வண்டி இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

— எந்த வண்டி? தங்கச்சி, நீ கண்ணத் தொற. எனக்கு பயமா இருக்கு.

— பயப்படாதீங்க. ஒரு கனவு சொல்றேன். கொஞ்ச நாளாவே வருது. இந்த மாதிரி மழை, இந்த மாதிரி மூடின கண்ணாடி. இதே வண்டி. நான் ஓட்டுறேன். அவர் பின் சீட்டுல காலை மடக்கிக்கிட்டு உக்காந்திருக்காரு.

— பின்னாடியா? அவன் ஒயரத்துக்கு அதுல பூனைகூட உக்கார முடியாதே.

— அதான் கனவு. முட்டி ரெண்டும் தாடைய இடிக்குது. "ஏங்க, முன்னாடி வந்து ஓட்டுங்களேன்"னு கேக்குறேன். "எங்க வர்றது? நீதான் நுனியில உக்காந்துக்கிட்டு, எனக்கும் எடம் குடுக்காம, நீயும் உக்காராம இருக்கியே. ஒண்ணு நீ எறங்கு, இல்ல நல்லா உக்காரு. எத்தனை நாளைக்கு ரெண்டு பேருக்கும் முதுகு வலிக்கணும்?"னு கேக்குறாரு. நான் லிவர்ல கை வைக்கிறேன். இழுக்குறேன். முழிப்பு வந்துடுது. பகல்லயும் முயற்சி பண்ணிப் பாத்தேன். நெசமா. வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்திட்டு, கைய உள்ள விட்டு, லிவரப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பேன். பக்கத்து வீட்டு அக்கா, "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டியா?"ம்பாங்க. ஆமாக்கா, ஊசின்னுவேன்.

— இவ்வளவு நாளா ஒரு வார்த்தை சொல்லலையே நீ. கேட்டிருந்தா நானே வந்து நகத்திக் குடுத்திருப்பேனே?

— நீங்க என் மொகத்தப் பாப்பீங்க. "நகத்தட்டுமா"ன்னு கேப்பீங்க. நான் வேண்டாம்னுடுவேன்.

— அதுவும் சரிதான். இப்ப பாரு, கேக்காமலேயே நடந்துடுச்சு. எல்லாம் நல்லதுக்குன்னு நீ மனசத் தேத்திக்கிற. உன் பெரிய மனசு அது. ஆனா அதுக்காக என் தப்பு இல்லன்னு ஆயிடுமா? சொல்லு, எந்தப் பல்லு? கடைசியா, அதுக்கு முந்தினதா? சீட்ட எடுத்துட்டு வர்றேன்.

— மாட்டாதீங்கண்ணே. மேனேஜர்கிட்ட திங்கக்கிழமை நான் போறேன்.

— நீ எதுக்குப் போகணும்? வண்டிய வரிசையில கொண்டுபோய் நிறுத்தின மடையன் எவன்னு மட்டும் தெரியட்டும், அவன இழுத்துக்கிட்டு நான் போறேன்!

— பம்பர்ல கீறலப் போட்டு, தலையணையெல்லாம் வீட்டுல எறக்கி வெச்சிட்டு, புதன்கிழமை எல்லாரும் போனதுக்கப்புறம் வண்டிய அந்த வரிசையில கொண்டுபோய் நிறுத்தினது நான்தாண்ணே. என் கையால இழுக்க முடியல, அது யாரு சீட்டுன்னு தெரியாத ஒரு கை இழுக்கட்டும்னு விட்டுட்டேன்.