சித்தூர் ஆற்றில் படிக்காத அறிவிப்பு

மைக் முன்னால் உட்காருமுன் ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர் குடிப்பது என் வழக்கம், டின்சி மேடம். தொண்டைக்கு இதம். போலீஸ் உத்தியோகத்தில் நாளெல்லாம் அதட்ட வேண்டியிருக்கும், நீங்களும் குடித்துப் பாருங்கள்.

நான் ஸ்டேஷனுக்கு நானாக வந்ததற்குக் காரணம் மௌனிகா. எங்கள் வானொலி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். "துரைசுவாமி சாருக்கு வயசாயிருச்சுங்க மேடம், அன்னிக்கு அறிவிப்பப் படிக்க மறந்துபோட்டாருங்க" என்று உங்களிடம் சொன்னாளாம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நீங்களும் வழக்கை முடிக்கப் பார்த்தீர்கள். அந்த இரக்கம் எனக்கு வேண்டாம். மைக் முன்னால் நான் ஒரு பெயரை, ஒரு வரியை மறந்ததாக இந்தத் தாலுகாவில் எவனும் சொல்ல முடியாது.

கல்பாத்தியிலிருந்து முதல் பஸ்ஸில் சித்தூருக்கு வந்து காலையில் பழைய பாட்டுகள் போடுவேன். பாட்டுக்கு நடுவே மனதுக்குத் தெம்பாக நாலு வார்த்தை சொல்வேன். இன்னொரு வேலையும் உண்டு. மேலே அணையில் தண்ணீர் திறந்தால் பாசன அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வரும். நம் ஆறு பெரும்பாலும் மணலும் குட்டையுமாகக் கிடக்கும். வெள்ளம் வந்தால் ஒரே மூச்சில் வந்துவிடும். உடனே பாட்டை நிறுத்தி, ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம் என்று படிப்பேன். நான் படித்தவரை இந்தக் கரையில் ஒரு கன்றுக்குட்டியைக்கூட வெள்ளம் அடித்துக்கொண்டு போனதில்லை.

போன மாதம் நிலையக் கமிட்டி கூடியது. அதில் ஒருவர் குப்பண்ணன். ஆற்றோரம் தென்னந்தோப்பும் எருமைகளும் வைத்திருந்தவர், வாய்க்கொழுப்புக்கும் குறைவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஏனுங்க சாமி, உங்க பழைய பாட்டையும் உபதேசத்தையும் இப்ப ஆருங்க கேக்கறாங்க? எங்கூட்டுல ரேடியோவத் தொட்டே வருசமாச்சுங்க. அந்தப் புள்ளைகிட்ட உட்டுப்போட்டு ஊட்டுல இருங்க."

கமிட்டி சிரித்தது. நானும் சிரித்தேன். என் நேரத்தை மௌனிகாவுக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து குப்பண்ணனை வெறுத்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

என் கடைசி வாரத்தில் ஒரு காலை பாசன அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நன்றி சொல்லி வைத்தேன். பிறகு நிதானமாக யோசித்தேன். யாருமே கேட்காதவன் படித்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன? கமிட்டி சொன்னது நிஜமானால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பொய்யானால் அதுவும் வெளியே வந்துவிடும். இதில் அநியாயம் எங்கே இருக்கிறது?

அந்த வேளையில் குப்பண்ணன் எருமைகளைக் குளிப்பாட்ட ஆற்றுக்குப் போவார் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். உற்சாகமான பாட்டு ஒன்றைப் போட்டேன். முடிந்ததும், "இறங்கத் தயங்குகிறவனுக்கு அக்கரை கிடையாது, துணிந்து கால் வையுங்கள்" என்றேன். குரல் வழக்கம்போல் நன்றாகவே இருந்தது.

பிற்பகலில் அவர் உடலைத் தடுப்பணையருகே எடுத்தார்கள். எருமைகள் எப்படியோ கரையேறிவிட்டன. நான் துக்கம் கேட்கப் போனேன். போகாமல் இருப்பது மரியாதையில்லை. அவர் மனைவி மருதாத்தாள் என்னைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"உங்க பேச்சக் கேக்காம அவரு ஆத்துல கால் வெக்கவே மாட்டாருங்க சாமி. அன்னிக்கும் ரேடியோவக் காதுல வெச்சுக்கிட்டுக் கரையிலதானுங்க நின்னாரு. தண்ணி வருதுன்னு நீங்க ஒண்ணும் சொல்லலைன்னுதானுங்க எறங்குனாரு."

அந்த மாதிரி ஒரு பாராட்டு என் ஆயுளில் கிடைத்ததில்லை. இழவு வீடு என்பதால் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன், உள்ளுக்குள் இனித்தது.

ஆகவே இது மறதி இல்லை. தெரிந்தே விட்டேன்; அவர் செத்தாலும் சாகட்டும் என்றுதான் விட்டேன். ஆனால் கமிட்டியில் அவர் பொய் சொல்லாமல், தானும் கேட்கிறவன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கட்டாயம் படித்திருப்பேன். என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் ஒரு நாளும் கெடுதல் நினைத்ததில்லை, மேடம்.