ஒற்றைச் செடி காய்க்காது

சொடக்குத் தக்காளியைப் பறிக்கக் கூடாது ஐயா. பழுத்தால் தானே உதிரும், பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். நாங்கள் சட்னிக்குப் போடும் பச்சைத் தக்காளி அதன் பெரிய இனம். அது அப்படியில்லை. காய் பருத்து மேலுறையைக் கிழிக்கும்போது செடியிலிருந்தே பறிக்க வேண்டும். த்லாஸ்கலா சந்தையில் என் கொல்லைக் காய்க்குத் தனிப் பெயர். எவ்ஃப்ரோசினாவின் காய் என்று கேட்டு வாங்குவார்கள்.

ஜூலையில் என் தம்பி ஃபிதென்சியோ பட்டணத்திலிருந்து வந்தான். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கொல்லையில் அறை கட்டப் போவதாகச் சொன்னான். இடம் அவன் பெயரில்தான் இருந்தது. நான் மறுக்கவில்லை, அறுவடை முடியட்டும் என்றேன். ஞாயிறு பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் முப்பது செடிகளைப் பூவும் பிஞ்சுமாகப் பிடுங்கிப் போட்டிருந்தான். மூலையில் ஒன்று மட்டும் நின்றது.

"ஒண்ணு விட்டு வச்சிருக்கேன்க்கா. ஒத்தை ஆளுக்கு ஒத்தைச் செடி போதாதா?" என்று சிரித்தான்.

பச்சைத் தக்காளி தனியாக நின்றால் பூக்கும், காய்க்காது. பக்கத்தில் இன்னொன்று வேண்டும். அது அவனுக்குத் தெரியும்.

மறுநாள், சிமெண்ட் குழைக்கத் தண்ணீர் போதாதென்று தூர் வார, ஏணி வைத்துக் கொல்லைக் கிணற்றில் இறங்கினான். இடுப்பளவு தண்ணீர். நான் ஏணியை மேலே இழுத்துச் சுவரில் சாய்த்தேன்.

"அக்கா, விளையாடாதே. குளிருது."

நான் விளையாடவில்லை. வேலியோரம் உதிர்ந்து கிடந்த சொடக்குப் பழங்களைப் பொறுக்கினேன். இரண்டு கூடை தேறியது. அவன் முதலில் திட்டினான். பிறகு அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னான். கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டான். செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு ரெமேதியோஸ் மதில்மேல் எட்டிப் பார்த்தாள். "எங்கேடி மாப்பிள்ளைத் தம்பி? சத்தமே காணோம்?"

"சிமெண்ட் வாங்கப் போயிருக்கான்."

"போகட்டும். உன் காதாவது ரெண்டு நாள் ஓயட்டும்."

அப்போது அவன் சத்தம் நின்றிருந்தது.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் யாரையும் தள்ளவில்லை. புதன்கிழமை காலை ஏணியை அதே இடத்தில் மறுபடி இறக்கி வைத்தேன். அவன்தான் ஏறி வரவில்லை.